கோல்ட்பிளாட்டின் நாய்களும் கிட்னி ஸ்டென்ட்டும்

1934ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நாயின் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனியில் வெள்ளியால் செய்த ஒரு சின்னக் கவ்வியை மாட்டி, திருகை லேசாகத் திருகி, குழாயை நெரித்தார். இரண்டு பக்கமும் இப்படி நெரித்தபோது நாய்க்கு பிரஷர் ஏறியது. ஏறினது இறங்கவே இல்லை. கவ்வியை எடுத்தால் இறங்கியது. கிட்னிக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டாலும் பிரஷர் ஏறியது. அப்படியென்றால் சமாச்சாரம் நரம்பு வழியாகப் போகவில்லை, ரத்தத்தில் ஏதோ ஒரு ரசாயனம் கலந்து போகிறது என்று அர்த்தம்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு ஒரு மிருகத்துக்கு நிலையான உயர் ரத்த அழுத்தத்தை நம்பகமாக வரவழைப்பதற்கே வழி கிடையாது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், கிட்னி கெட்டுப்போனவர்களின் இதயம் தடித்துக் கிடப்பதை 1836லேயே எழுதிவிட்டார். ஆனால் எது காரணம், எது விளைவு? பெரும்பாலோர் சொன்னது, பிரஷர்தான் முதலில் வருகிறது, அது கிட்னியின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது என்று. பிணப் பரிசோதனை மேசையில் அந்தக் குழாய்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த கோல்ட்பிளாட்டுக்கு எதிர்க் கேள்வி தோன்றியது. குழாய் முதலில் சுருங்கி, அதனால் பிரஷர் வந்தால்? அந்தக் கேள்விக்கு நாய்கள் ‘ஆமாம்’ என்று பதில் சொல்லின. அந்த ‘ஆமாம்’ எத்தனை பேரை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கிட்னி ஏன் இப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். காவிரியில் கடைமடை விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது. ஆனால் அவர் வயலுக்கு வரும் வாய்க்காலில் எங்கோ மண் சரிந்து அடைத்துக்கொண்டது. அவருக்கு அது தெரியாது. தெரிவதெல்லாம் தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதுதான். மேட்டூரில் இன்னும் திறந்துவிடுங்கள் என்று மனு மேல் மனு போடுகிறார். திறந்தும் விடுகிறார்கள். வழியில் இருக்கிற ஊரெல்லாம் வெள்ளக்காடு. தமனி சுருங்கிய கிட்னியும் இப்படித்தான், உடம்பில் ரத்த அழுத்தமே குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. அது போடுகிற மனுவுக்குப் பெயர் ரெனின். ரெனின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை வெட்ட, அது ஆஞ்சியோடென்சின் என்ற பொருளாக இரண்டு கட்டமாக மாறுகிறது. இந்த ஆஞ்சியோடென்சின் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, உப்பை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. பிரஷர் எகிறுகிறது.

ரெனினைக் கண்டுபிடித்த கதை தனிச் சோகம். 1898ல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட் என்ற பின்லாந்துக்காரரும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயல் கிட்னியை அரைத்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். பிரஷர் ஏறியது. ரெனின் என்று பெயரும் வைத்தார்கள். அதோடு சரி. ஏறக்குறைய நாற்பது வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கோல்ட்பிளாட்டின் நாய்களுக்குப் பிறகுதான் தூசி தட்டி எடுத்தார்கள். 1939-40 வாக்கில் அமெரிக்காவில் இர்வின் பேஜ் குழுவும் அர்ஜென்டினாவில் பிரவுன்-மெனண்டஸ் குழுவும் தனித்தனியாக ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. அவர்கள் வைத்த பெயர் ஆஞ்சியோடோனின், இவர்கள் வைத்த பெயர் ஹைபர்டென்சின். கடைசியில் 1958ல் ஒரு சமரசம். இதில் முன்பாதி, அதில் பின்பாதி, ஆஞ்சியோடென்சின்! விஞ்ஞானத்தில் இவ்வளவு சுமுகமாக முடிந்த பெயர்ச் சண்டை அபூர்வம்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். அந்தக் காலத்தில் பிரஷருக்கு உருப்படியான மாத்திரையே கிடையாது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அன்று அவருடைய மருத்துவர் குறித்த அளவு 300/190. உலகப் போரை நடத்தியவருக்கே அந்த நிலைமை. இப்படிப்பட்ட காலத்தில், ‘ஒரு கிட்னிதான் வில்லன், அதை எடுத்துவிட்டால் பிரஷர் போய்விடும்’ என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? 1937ல் பாஸ்டனில் ஆலன் பட்லர், ஒரு கிட்னி கெட்டுப்போயிருந்த குழந்தைக்கு அதை எடுத்ததும் பிரஷர் இறங்கியதை எழுதினார். உடனே ஒரு அலை கிளம்பியது. பிரஷர் உள்ளவருக்கு ஒரு பக்கக் கிட்னி கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தாலே கத்தியை எடுத்துவிட்டார்கள். 1956ல் கிட்னி உடலியங்கியலில் பெரிய பெயரான ஹோமர் ஸ்மித், அதுவரை பிரசுரமான கேஸ்களை எல்லாம் கூட்டிப் பார்த்தார். ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் பலன். வெற்றி பெற்ற கேஸ்களைத்தான் ஆர்வமாக எழுதி அனுப்பியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தால் உண்மைக் கணக்கு அதைவிட மோசம். கிட்னியை எடுக்க வேறு காரணம் இல்லையென்றால் பிரஷருக்காக எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

ஏன் தோற்றது? ஒன்று, தமனியில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்காமலே எடுத்தார்கள். இன்னொன்று முக்கியமானது. பல வருடம் பிரஷர் இருந்தால், சுருக்கம் இல்லாத பக்கத்துக் கிட்னியும் அந்த அழுத்தத்தின் அடியை வாங்கி வாங்கிக் கெட்டுப்போகும். பிறகு வில்லனை எடுத்தாலும் வீடு பழைய வீடாக இருக்காது. இந்த இரண்டு காரணங்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் கழித்து இதே இரண்டும் திரும்ப வருகின்றன.

அப்புறம் படம் எடுக்கும் நுட்பம் வளர்ந்தது. லிஸ்பனில் தொஸ் சாந்தோஸ் 1929லேயே மகாதமனிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்திருந்தார். 1953ல் ஸ்வீடனின் செல்டிங்கர், ஊசி வழியாகக் கம்பி, கம்பி மேல் கேத்திட்டர் என்ற எளிய முறையைக் கொடுத்தார். இப்போது சுருக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. வயிற்றைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுப்பது, பைபாஸ் போடுவது எல்லாம் ஐம்பதுகளிலேயே ஆரம்பித்துவிட்டன. ஆனால் வயதான, பிரஷர் முற்றிய நோயாளிக்கு அது பெரிய ஆபரேஷன்.

இங்கேதான் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் வருகிறார். சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பலூன் கேத்திட்டர் செய்து பார்த்தவர். 1974ல் கால் தமனி, 1977 செப்டம்பரில் இதயத் தமனி, 1978ல் கிட்னி தமனி. இடுப்புப் பக்கத் தமனியில் ஊசி குத்தி, கம்பியை மேலே கொண்டுபோய், சுருக்கத்தில் பலூனை ஊதி விரித்தார். பிரஷர் இறங்கியது.

கிட்னி தமனிச் சுருக்கம் ஒரே வியாதி இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இளம் வயதுப் பெண்களுக்கு அதிகமாக வருகிற ஒன்று உண்டு. தமனிச் சுவரின் தசையும் நாரும் தாறுமாறாக வளர்ந்து, படத்தில் பார்த்தால் மணிமாலை கோத்த மாதிரி தெரியும். கொழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கு பலூன் அருமையாக வேலை செய்யும், பெரும்பாலும் ஸ்டென்ட்டே தேவைப்படாது. இன்னொன்று, வயதானவர்களுக்கு வருகிற கொழுப்புப் படிவு. சர்க்கரை, புகை, கொலஸ்ட்ரால் என்று இதய அடைப்புக்கு என்ன காரணமோ அதேதான் இதற்கும். மேலை நாடுகளில் கிட்னி தமனிச் சுருக்கத்தில் பெரும்பங்கு இந்த வகைதான். இதில் அடைப்பு பெரும்பாலும் தமனியின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். சொல்லப்போனால் அது மகாதமனிச் சுவரின் படிவு, கிட்னி தமனியின் வாய்க்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. பலூனால் தள்ளினால் தள்ளியபடி நகரும், பலூனை எடுத்ததும் ரப்பர் மாதிரி திரும்ப வந்துவிடும்.

திரும்பி வராமல் முட்டுக் கொடுக்க ஒன்று தேவை. 1978ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் குருன்சிக் பேசியதைக் கேட்டவர்களில் ஹூலியோ பால்மாஸ் என்ற அர்ஜென்டினா டாக்டரும் ஒருவர். சுவருக்குப் பூசும்போது காரை நிற்பதற்காக அடிக்கிற உலோக வலை இருக்கிறதல்லவா, அந்த மாதிரி ஒன்றிலிருந்து யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பணம் போட்டவர் ஹோட்டல் தொழில் நடத்திய ஃபில் ரோமானோ. ஹாம்பர்கர் காசில் வளர்ந்த ஸ்டென்ட் என்று சொன்னால் மிகையில்லை. காப்புரிமை ஜான்சன் அண்ட் ஜான்சன் கைக்குப் போனது. 1991ல் இடுப்புத் தமனிக்கும் 1994ல் இதயத் தமனிக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1999ல் நெதர்லாந்தில் 85 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. வாசல் அடைப்புக்குப் பலூன் மட்டும் போட்டால் 57% பேருக்குக் குழாய் சரியாகத் திறந்தது, ஸ்டென்ட் வைத்தால் 88%. ஸ்டென்ட்டுக்கு அமோக வெற்றி.

ஒரு நிமிடம் நின்று பாருங்க, எதில் வெற்றி? குழாயைத் திறந்து வைப்பதில். பிரஷரைக் குறைப்பதிலா, டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதிலா, உயிரைக் காப்பாற்றுவதிலா என்பது வேறு கேள்வி. மறு வருடமே நெதர்லாந்தில் இன்னொரு குழு, 106 பேரிடம் பலூனையும் மாத்திரையையும் ஒப்பிட்டு, பிரஷர் விஷயத்தில் பலூனுக்குப் பெரிய அனுகூலம் இல்லை என்று சொல்லியிருந்தது. ஸ்டென்ட் காலத்தில் யார் பலூனைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? தொண்ணூறுகளின் பின்பாதியில் அமெரிக்காவில் மூத்த குடிமக்களுக்கான மெடிக்கேர் காப்பீட்டில் மட்டும் கிட்னி தமனிக்கு இப்படிச் செய்வது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அதில் வேகமாக வளர்ந்தது இதய மருத்துவர்களின் பங்கு. இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும்போது கேத்திட்டர் எப்படியும் கிட்னி தமனி வாசலைத் தாண்டித்தான் போகிறது. போகிற போக்கில் ஒரு சாயம் அடித்துப் பார்ப்பார்கள். இதயத்தில் அடைப்பு உள்ள வயதானவர்களில் கணிசமான பேருக்கு அங்கேயும் ஏதாவது சுருக்கம் இருக்கத்தான் செய்யும். பார்த்தால் திறந்துவிட வேண்டியதுதான்.

நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததே எங்கள் உறவில் ஒரு பெரியப்பாவால்தான். நெஞ்சு வலிக்கு ஆஞ்சியோ செய்யப் போனவர். நடுவில் வெளியே வந்து, “கிட்னிக்குப் போற குழாய்லயும் அறுபது பர்சன்ட் இருக்கு, இதோட சேர்த்து ஒரு ஸ்டென்ட் வெச்சுடலாம், கையெழுத்துப் போடுங்க” என்றார்கள். பெரியம்மா கையில் பேனா. அவருக்கு பிரஷர் ஒரே ஒரு மாத்திரையில் பல வருடமாகக் கட்டுக்குள் இருந்தது. கிரியாட்டினின் சரியாக இருந்தது. அண்ணன் மட்டும், “அது வலிக்கலையே சார், அப்புறம் பார்த்துக்கலாமா?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று அங்கே யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போடவில்லை. மருத்துவ உலகமே அந்தக் கேள்வியைத்தான் பதினைந்து வருடம் பெரும் செலவில் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதிலைப் பார்ப்பதற்கு முன் மாத்திரைப் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அறுபதுகளில் பிரேசிலின் செர்ஜியோ ஃபெரெய்ரா, ஜரராக்கா என்ற விரியன் பாம்பின் விஷத்தில் உள்ள ஒரு பொருளைப் பற்றி ஆராய்ந்து, அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஆஞ்சியோடென்சின் உருவாவதை அது தடுத்தது. அந்தத் தடத்தில் ஸ்க்விப் கம்பெனி விஞ்ஞானிகள் உருவாக்கிய மாத்திரைதான் 1981ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கேப்டோப்ரில். அதாவது வாய்க்காலைத் தோண்டாமல் மனுவையே தபாலில் மறித்துவிடுவது. ஆனால் ஒரு சிக்கல். இரண்டு பக்கத் தமனியும் சுருங்கியவர்களுக்கு, அல்லது இருக்கிற ஒரே கிட்னியின் தமனி சுருங்கியவர்களுக்கு, இதைக் கொடுத்ததும் சிலருக்குக் கிட்னி வேலை சட்டென்று விழுந்தது. வடிகட்டிக்குள் அழுத்தத்தைத் தக்கவைத்துக்கொண்டிருந்ததே அந்த ஆஞ்சியோடென்சின்தான். அதனால் சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்த வகை மாத்திரை கொடுக்கவே டாக்டர்கள் வெகுநாள் பயந்தார்கள். அந்தப் பயமும் ஸ்டென்ட்டுக்கு ஒரு தள்ளு கொடுத்தது.

2009ல் இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட ஸ்டார் சோதனையில் 140 பேர். பிரிட்டனை மையமாகக் கொண்ட ஆஸ்ட்ரலில் 806 பேர். இரண்டிலும் மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வாங்கியவர்களுக்குத் தனியாகப் பலன் இல்லை. மாறாகத் தீங்கு இருந்தது. ஆஸ்ட்ரலில் இந்தச் சிகிச்சையால் 23 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது, அதில் இரண்டு மரணம், மூன்று பேருக்கு விரலோ காலோ எடுக்க வேண்டியதாயிற்று. கிட்னிக்கு வைக்கிற ஸ்டென்ட்டுக்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மகாதமனிச் சுவரில் ஒட்டியிருக்கிற கொழுப்புப் படிவைக் கம்பி உரசும்போது துணுக்குகள் உதிர்ந்து, ஓட்டத்தோடு போய்ச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும்.

ஸ்டென்ட் ஆதரவாளர்கள் விடவில்லை. சுருக்கம் லேசாக இருந்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள், நிச்சயம் பலன் கிடைக்கும் என்று தோன்றியவர்களைச் சேர்க்கவே இல்லை என்றார்கள். இதில் நியாயம் இருந்தது. ஆஸ்ட்ரலில் சேர்த்ததே, எது நல்லது என்று டாக்டருக்கே சந்தேகம் இருந்த நோயாளிகளைத்தான்.

அதனால் எல்லோரும் காத்திருந்தது அமெரிக்க அரசின் நிதியில் நடந்த கோரல் சோதனைக்கு. 2013 நவம்பரில் முடிவு வந்தது. 931 பேர், நடுமதிப்பாக 43 மாதம் கண்காணிப்பு. இருதரப்புக்கும் நல்ல மாத்திரைகள்: கேண்டசார்டன், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின். ஒரு தரப்புக்குக் கூடுதலாக ஸ்டென்ட். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கிட்னி மோசமாவது, இதயத்தாலோ கிட்னியாலோ சாவது என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்டென்ட் தரப்பில் 35.1%, மாத்திரை மட்டும் வாங்கிய தரப்பில் 35.8%. மேல் அளவு பிரஷர் ஸ்டென்ட் தரப்பில் 2.3 புள்ளி குறைவு. அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் வேறொன்று. அந்தந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் படத்தைப் பார்த்து மதிப்பிட்ட சுருக்கம் சராசரியாக 73 சதவீதம் வாக்கில். அதே படங்களைத் தனி ஆய்வகம் அளந்தபோது 67. யாரும் பொய் சொல்லவில்லை. திறக்க வேண்டும் என்று நினைக்கிற கண்ணுக்கு அடைப்பு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும்.

கோல்ட்பிளாட் தவறு செய்தாரா? இல்லை, நாய்களில் நடந்தது உண்மைதான். ஆனால் நாய்க்குக் கவ்வி போட்ட நாள் தெரியும், அதற்கு முன் அது ஆரோக்கியமான நாய். எழுபது வயது மனிதருக்கு எது முதலில் வந்தது? பல பேருக்குப் பல வருட பிரஷரும் கொழுப்பும்தான் குழாயைச் சுருக்கியிருக்கும். அதாவது கோல்ட்பிளாட் தலைகீழாகத் திருப்பிய பழைய கருத்தும் பாதி சரிதான். தவிர, கிட்னி தனக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக ரத்தம் வாங்குகிற உறுப்பு. இதயம் தள்ளுவதில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான். குழாய் பாதி அடைத்தாலும் அதற்குப் பெரும்பாலும் உறைக்காது. உறைக்கிற அளவு அடைத்து, அது வெகுநாள் நீடித்தால், உள்ளே இருக்கிற நுண்குழாய்கள் போய்விடுகின்றன. அப்போது வாசலைத் திறப்பதால் என்ன பயன்? ஹோமர் ஸ்மித் காலத்துக் காரணங்கள்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்தவை.

இதற்காக ஸ்டென்ட்டைக் குப்பையில் போட்டுவிடவும் முடியாது. இதயத் துடிப்பு நன்றாகவே இருந்தும் திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நோயாளிகள் உண்டு. இவர்களில் பலருக்கு இரண்டு பக்கமும் சுருக்கம் இருப்பதை 1988ல் தாமஸ் பிக்கரிங் எழுதினார். இப்படிப்பட்டவர்கள் பெரிய சோதனைகளில் அதிகம் சேரவில்லை. 2014ல் வந்த மான்செஸ்டர் குழுவின் ஆய்வில், இவர்களில் குழாயைத் திறந்துவிட்டவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது. அது குலுக்கல் முறைச் சோதனை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலைந்து மாத்திரைக்கும் அடங்காத பிரஷர், கண்ணெதிரே வேகமாக விழுகிற கிட்னி, இந்த மாதிரிக் கேஸ்களிலும் பேச இடம் இருக்கிறது.

நம் பக்கம் கதை கொஞ்சம் மாறும். இந்தியாவில் இளம் வயதினருக்குக் கிட்னி தமனி சுருங்குவதற்கு முக்கியக் காரணம் தக்காயாசு நோய். மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குகிற வியாதி. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தக்காயாசுவின் பெயர். இது பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். இவர்களுக்கு அழற்சியை முதலில் அடக்காமல் குழாயைத் திறந்தால் திரும்ப மூடிக்கொள்ளும், பலூனா ஸ்டென்ட்டா என்கிற கணக்கும் வேறு. கோரல் முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. இன்னொரு சங்கடம், கைக்குப் போகிற தமனியும் சுருங்கியிருந்தால் கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது பிரஷர் நார்மல் என்று காட்டும், உள்ளே 200 ஓடிக்கொண்டிருக்கும். இருபது வயதுப் பெண்ணுக்குத் தலைவலி, கையில் நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்றால் இரண்டு கையிலும் காலிலும் அளந்து பார்ப்பது அதனால்தான்.

கோரல் வந்த இரண்டே மாதத்தில், 2014 ஜனவரியில், இன்னொரு அடி விழுந்தது. அதே கிட்னி தமனிக்குள் கேத்திட்டரை விட்டு, சுவரில் ஓடுகிற நரம்புகளைச் சூடு வைத்து அறுத்தால் பிரஷர் இறங்கும் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 535 பேரிடம், ஒரு பகுதியினருக்குச் செய்வதுபோல் பாவனை மட்டும் செய்து, சிம்ப்ளிசிட்டி-3 என்ற சோதனை நடந்தது. இருதரப்புக்கும் வித்தியாசம் 2.39 புள்ளி. ஸ்டென்ட்டுக்கு 2.3, இதற்கு 2.39! ஆனால் இந்தக் கதை அங்கே முடியவில்லை. கருவியை மாற்றி, சோதனையை மாற்றி, 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதியே வாங்கிவிட்டார்கள். அது எப்படி நடந்தது என்பதற்கு இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது. முடித்ததும் எழுதுகிறேன்.